தறி விற்று வாங்கிய கார்

2024 டிசம்பர் 25 அன்று ஒசாமு சுசூகி தமது 94ஆம் வயதில் காலமானார். சுசூகி மோட்டார் நிறுவனத்தை நாற்பதாண்டுகளுக்கும் மேலாக வழிநடத்தியவர், மாருதி காரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் என்று எல்லா நாளிதழ்களும் எழுதின. அவ்வஞ்சலிகள் பலவற்றில் ஒரு வரி தவறாமல் இடம்பெற்றிருந்தது: தறி செய்யும் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம், சிறிய கார்களுக்குப் பேர்போன நிறுவனமாக உயர்ந்தது என்பதே அது. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நாங்கள் மூவரும் அந்த வரியைத் தனித்தனியே படித்துவிட்டு, அன்றிரவே ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்தோம். தறி போய்க் கார் வந்த கதை எங்கள் வீட்டிலும் நடந்ததுதான்.

நாங்கள் என்பது இரண்டு அக்காள் தங்கைகளும் ஒரு தம்பியும். குடியாத்தத்தில் கைலி நெய்யும் வீட்டில் பிறந்தவர்கள். இக்கட்டுரையை மூவருமாகச் சேர்ந்தே எழுதுகிறோம்.

முதலில் அவர்கள் கதை. ஜப்பானின் ஷிசுவோகா மாநிலத்தில் ஹமமட்சு என்றொரு ஊர். பருத்தி விளைந்த பூமி, ஆகவே நெசவு செழித்த ஊர். யமஹாவும் ஹோண்டாவும் கூட அவ்வூரில் தோன்றியவையே. 1887இல் அங்கே ஒரு பருத்தி விவசாயக் குடும்பத்தில் பிறந்த மிச்சியோ சுசூகி, பதின்வயதில் ஒரு தச்சரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். ரஷ்ய-ஜப்பானியப் போர்க் காலத்தில் வீடு கட்டுவோர் குறையவே, அந்தத் தச்சர் தறி செய்யும் வேலைக்கு மாறினார், சீடரும் மாறினார். பயிற்சி முடிந்து வந்த மிச்சியோ தம் கையால் செய்த முதல் தறி, வீட்டில் நெய்துகொண்டிருந்த அவருடைய தாய்க்கானது. காலால் மிதித்து இயக்கும் மரத்தறி. அதைப் பார்த்த அக்கம்பக்கத்தார் தங்களுக்கும் வேண்டுமென்று கேட்க, 1909இல் பட்டறை பிறந்தது.

அவர் செய்த அடுத்த காரியம் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும். நாடாப் பெட்டியை மேலும் கீழும் நகர்த்தி, இரண்டு நாடாக்களை மாற்றி மாற்றி ஓடவிடும் அமைப்பைத் தறியில் பொருத்தினார். ஊடையில் இரண்டு நிறம் கொடுக்க முடிந்தால் கோடும் கட்டமும் போடலாம். 1930 வாக்கில் அவருடைய நிறுவனம் சாரோங் நெய்யும் தறிகளைச் செய்து தென்கிழக்காசியாவுக்கு ஏற்றுமதி செய்தது. சாரோங் என்பது வேறொன்றுமில்லை, நம் கைலிதான்.

தறி எளிதில் தேயாத பொருள். ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்க வெகுகாலம் ஆகும். எனவே மிச்சியோ வேறு தொழிலையும் யோசிக்கத் தொடங்கி, 1937இல் சிறிய கார் ஒன்றைச் செய்து பார்க்கும் முயற்சியில் இறங்கினார். போர் வந்து அது நின்றது. போருக்குப்பின் மீண்டும் தறி. 1950களின் தொடக்கத்தில் பருத்திச் சந்தை சரிந்தபோது நிறுவனம் தள்ளாடியது. 1952இல் மிதிவண்டியில் பொருத்தும் 36 சிசி எஞ்சின், 1954இல் சுசூகி மோட்டார் என்ற புதுப்பெயர், 1955இல் சுசுலைட் என்னும் 360 சிசி கார் என்று அது பிழைத்துக்கொண்டது. இதே மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் பிறந்த டொயோடா சாகிச்சியின் கதையும் இத்தகையதே. தானியங்கித் தறி செய்த அவரது நிறுவனத்திலிருந்துதான் டொயோட்டா கார் பிறந்தது. ஆக, தறியிலிருந்து காருக்குப் போவது ஜப்பானியரின் தொழில் வரலாற்றில் ஒரு கௌரவமான பாதை.

குடியாத்தத்தில் அந்தப் பாதை இல்லை. எங்கள் வீட்டில் நான்கு குழித்தறிகள் இருந்தன. இரண்டில் கூலிக்கு வந்தவர்கள் நெய்தார்கள். ஒன்று அப்பாவுடையது. சன்னலோரம் இருந்த நான்காவது, அம்மாவுடையது. அம்மாவின் தறியில் நான்கு நிற நாடாக்கள் வரிசையாக இருக்கும். எத்தனை இழைக்கு ஒருமுறை எந்த நிறம் என்பதை அவர் எழுதி வைத்துக்கொண்டதில்லை. எங்களுக்கு வாய்ப்பாடு ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே நெய்வார், கட்டம் பிசகாது. அப்பா நான்கு கைலி முடிப்பதற்குள் அம்மா ஐந்து முடிப்பார் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவே சொல்லிச் சிரிப்பார்.

1985இல் நடுவண் அரசு கொண்டுவந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி, கைலியைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும். ஆனால் விசைத்தறிக் கைலி கடைகளில் தாராளமாகத் தொங்கியது; விலையும் குறைவு. நூல் விலை ஏற, கூலி நின்ற இடத்திலேயே நின்றது. கூலிக்கு நெய்தவர்கள் ஆம்பூர்ப் பக்கம் தோல் வேலைக்குப் போனார்கள். 1998இல் அப்பா, தம் நாற்பத்தோராவது வயதில், கார் ஓட்டப் பழகினார். நான்கு தறிகளையும் சேர்த்து விற்றதில் பதினோராயிரம் ரூபாய் வந்தது. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டியில் நாற்பதாயிரம் கடன். இவ்வளவும் சேர்ந்து, ஆம்பூர் மருத்துவர் ஒருவரிடமிருந்து 1989ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்று எழுபத்தெட்டாயிரத்துக்கு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. வெள்ளை நிறம்.

அந்தக் காரின் பூர்விகத்தையும் சொல்லிவிட வேண்டும். சஞ்சய் காந்தி 1971இல் தொடங்கிய மாருதி நிறுவனம் மக்கள் கார் எதையும் தராமலே முடங்கிப்போக, அரசு அதை எடுத்து 1981இல் மாருதி உத்யோக் என்று புதிதாக அமைத்தது. கூட்டாளியைத் தேடியபோது முனைப்புடன் முன்வந்தது சுசூகி. 1982 அக்டோபர் 2 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே மாத இறுதியில், தாய்க்குத் தறி செய்த மிச்சியோ சுசூகி 95 வயதில் மறைந்தார். 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியை இந்திரா காந்தி வழங்கினார். 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்சக்கர இழுவை, எடை சுமார் 650 கிலோ. அம்பாசிடரை மட்டுமே பார்த்த கண்ணுக்கு அது பொம்மை மாதிரி இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1986இல் வடிவம் மாறியது. எங்களுடையது அந்த இரண்டாம் வடிவம்.

மாருதி 800 வைத்திருந்தவர்கள் எவரைக் கேட்டாலும் சில அனுபவங்கள் பொதுவாக இருக்கும். காலையில் சோக்கை இழுத்து, சற்று உறுமவிட்டு, மெல்ல உள்ளே தள்ளும் அந்தச் சடங்கு. எந்த ஊர் வேப்பமரத்தடி மெக்கானிக்கும் தயங்காமல் கைவைப்பார். எந்தக் கடையிலும் உதிரிபாகம் கிடைக்கும். ஐவருக்கான காரில் கல்யாணத்துக்கு எட்டுப் பேர் போவார்கள். எங்கள் சம்பந்தி வீட்டாரும், தம்பியின் பள்ளி ஆசிரியரும், அந்த ஆம்பூர் மருத்துவரும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: 'எங்கள் முதல் கார்.'

அப்பா அதை வாடகைக்கு ஓட்டினார். சொந்தப் பயன்பாட்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி சரியல்ல. ஊரில் பலரும் ஓட்டினார்கள், அப்பாவும் ஓட்டினார். பெரும்பாலும் நோயாளிகள். பள்ளிகொண்டா வழியாக வேலூர் மருத்துவமனைகளுக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். பிரசவ வலி கண்ட பெண்களை நள்ளிரவில் அழைத்துப் போவார். ஒருமுறை பாலாற்றங்கரையில் டயர் பஞ்சராகி, மழையில் ஸ்டெப்னி மாட்டிக்கொண்டு போய்ச் சேர்த்த குழந்தைக்கு இப்போது இருபது வயதுக்கு மேல். 'இந்தக் காரை வைத்து உங்களை மூன்று பேரையும் படிக்க வைத்தேன்' என்று அப்பா சொல்வார். நாங்களும் அப்படித்தான் சொல்லி வந்தோம். எங்களில் மூத்தவர் கல்லூரிக் கட்டுரைப் போட்டியில் அதை எழுதிப் பரிசே வாங்கினார்.

அப்பா 2022இல் போய்விட்டார். கார் கொட்டகையில் நின்றது. மாருதி 800இன் உற்பத்தி, 25 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களுக்குப் பிறகு, 2014 சனவரியிலேயே நின்றுவிட்டிருந்தது. எங்கள் காரின் பதிவு 2024இல் காலாவதியானது. பதினைந்து ஆண்டு கடந்த கார்களுக்கான பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 2022 ஏப்ரலில் 5000 ஆனது. இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 2025இல் அதுவும் இரட்டிப்பானது. புதுப்பிப்பதா, கழிப்பதா என்று எங்களுக்குள் பேச்சு நீண்டது. விற்கலாம் என்றால் அம்மா உடைந்துபோவார் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டு, அவரிடம் கேட்காமலே இருந்தோம்.

காரின் ஆவணங்களைத் தேடி முன்பக்கப் பெட்டியைத் திறந்தபோதுதான் அப்பாவின் கணக்கு நோட்டு கிடைத்தது. 1998 முதல் 2004 வரை. பென்சிலால் எழுதியது. வாடகை, பெட்ரோல், ஆயில், மெக்கானிக், வட்டி. ஒவ்வொரு மாதமும் 'வீட்டில் 500', 'வீட்டில் 650' என்று ஒரு வரி இருந்தது. வீட்டுச் செலவுக்குக் கொடுத்தது என்று எண்ணி அதைச் செலவுப் பக்கம் சேர்த்துக் கூட்டினோம். எந்த மாதமும் கணக்கு உதைத்தது. தம்பி வங்கியில் வேலை செய்கிறவன், அவனுக்கும் பிடிபடவில்லை. அம்மாவிடம் காட்டினோம்.

'அது நான் குடுத்தது' என்றார் அம்மா.

'வீட்டில்' என்று அப்பா எழுதியிருந்தது வீட்டை அல்ல, அம்மாவை. நம் ஊர்களில் ஆண்கள் மனைவியைக் குறிப்பது அப்படித்தானே. அந்த வரியை வரவுப் பக்கம் மாற்றிக் கூட்டியதும் எல்லா மாதமும் நேராயிற்று. தறி போனபின் அம்மா காலையில் தீப்பெட்டி வேலைக்குப் போனார். மாலையில் அடுத்த தெருவில் தார் சுற்றினார். இது எங்களுக்குத் தெரியாததல்ல. அவர் கையில் ஒட்டியிருந்த பசையை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் காரின் வட்டியைக் கட்டியது அந்தப் பசை என்று நினைத்ததில்லை. வாடகை பெட்ரோலுக்கும் பழுதுக்கும் போக மிஞ்சியது அவ்வளவு சொற்பம். காரை வைத்து அப்பா எங்களைப் படிக்க வைத்தார் என்பது பொய்யல்ல. அந்தக் காரை வைத்திருக்க வைத்தவர் அம்மா. எங்கள் கதையில் அவர் எங்குமே இல்லை.

'தறியை விக்கும்போது உன்னைக் கேட்டாரா?' என்று கேட்டோம்.

'எதுக்குக் கேக்கணும்? கஞ்சிக்கு வழியில்லேன்னு எனக்கும்தான் தெரியும்' என்றவர், சற்றுக் கழித்து, 'என் தறிய மட்டும் வெச்சிருக்கலாம்' என்றார். இருபத்தேழு ஆண்டுகளில் அதை அவர் சொல்லி நாங்கள் கேட்டது அன்றுதான்.

அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. கணக்கை மறைக்கவும் இல்லை, மாதந்தவறாமல் எழுதியே வைத்திருக்கிறார். தறியிலிருந்து காருக்கு மாறியதை ஒரு நிறுவனம் சொல்லும்போது அது தொலைநோக்கு ஆகிறது. அதே மாற்றம் ஒரு வீட்டில் நிகழும்போது, நெய்யத் தெரிந்த ஒருவரின் கை சும்மா விடப்படுகிறது. எங்கள் வீட்டில் அது, இருந்தவற்றுள் சிறந்த கை.

சுசூகியின் கதையை அம்மாவிடம் சொன்னோம். முதல் தறியைத் தாய்க்காகச் செய்தார் என்பதைக் கேட்டு முகம் மலர்ந்தார். நாடாப் பெட்டி மேலும் கீழும் நகரும் என்றதும் கையாலேயே அந்த அசைவைச் செய்து பார்த்து, 'நல்ல யோசனை' என்றார். பிறகு கேட்டார்: 'அப்புறம் காருக்குப் போயிட்டாரே, அந்தம்மா நெய்றத விட்டுட்டாங்களா?'

நாங்கள் படித்த அஞ்சலி எதிலும் அந்த அம்மாளைப் பற்றி அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

காரை என்ன செய்யலாம் என்று ஒருவழியாகக் கேட்டோம். 'வித்துடுங்க. அது மேல உங்களுக்குத்தான் ஆசை' என்றார். உண்மைதான். பழைய மாருதிகளைச் சேகரித்துச் சீர்செய்யும் ஒரு மெக்கானிக் இருபத்திரண்டாயிரத்துக்கு எடுத்துக்கொண்டார். சோக்கை இழுத்து, இரண்டாம் முயற்சியிலேயே கிளப்பிக்கொண்டு போனார்.

பணத்தை அம்மாவிடம் கொடுத்தோம். எண்ணிப் பார்த்தார். 'நாலு தறிக்குப் பதினோராயிரம். இது ரெட்டிப்பு' என்றார். சிரித்தாரா என்று எங்களுக்குள் இன்னமும் கருத்து வேறுபாடு உண்டு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் தம்பி ஒரு வரி எழுதினான். இம்முறை செலவுப் பக்கத்தில்: 'அம்மாவுக்கு 22,000.'