டேக்டிக்குப் போகும் ஊர்

புனேக்காரர்கள் தங்கள் ஊரின் வானிலையைப் பற்றிப் பெருமை பேசாத நாளில்லை. அந்தப் பெருமையில் பெரும்பங்கு மேற்கே நிற்கும் சஹ்யாத்ரிக்கு, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் சேர வேண்டியது. அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையேறிக் குளிர்ந்து, கொண்டுவந்த நீரில் பெரும்பகுதியை முகட்டிலேயே கொட்டிவிடுகிறது. தாம்ஹிணி கணவாய்ப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். அங்கிருந்து கிழக்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் புனேக்கு 700 சொச்சம்தான் கிடைக்கும். வால்பாறைக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே நடக்கும் அதே கதை. கடல் மட்டத்திலிருந்து 560 மீட்டர் உயரம், ஜூலையில் ஓயாத தூறல், மின்விசிறி வேண்டாத இரவு. இதெல்லாம் மலை கொடுத்தது.

கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப்பெண், நெடுங்காலத்துக்குப் பிறகு 2025 ஜூலையில் இந்தத் தூறலுக்குள் வந்து இறங்கினார். இப்போது அவர் வாழ்வது பிரான்ஸின் தென்கிழக்கு மூலையில், நீஸ் நகரில். அங்கும் ஆண்டு மழை 700 மில்லிமீட்டரைத் தாண்டும். ஆனால் அது இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் பெய்து முடித்துவிடும். கோடை முழுவதும் காய்ந்து கிடக்கும். நகரின் பின்னால் மெர்கான்டூர் தேசியப் பூங்கா. அதில் 3,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள் உண்டு. மழை வந்தால் மலையை விட்டு இறங்குவது அந்த ஊர்ப் பழக்கம். புனேயில் மழை வந்தால்தான் மலைக்கே கிளம்புவார்கள்.

அந்த ஆண்டு மழையும் அவசரப்பட்டு வந்திருந்தது. வழக்கமாக ஜூன் 11 வாக்கில் மும்பையைத் தொடும் தென்மேற்குப் பருவமழை, மே 26 அன்றே வந்துவிட்டது. எனவே ஜூலையில் எந்தக் குன்றைப் பார்த்தாலும் பச்சை.

முதல் நாள் சிவாஜிநகர் வழியாகப் போகும்போது சிம்லா ஆபீஸைத் தேடினார் அவர். வானிலைத் துறையின் தலைமையகம் 1928இல் சிம்லாவிலிருந்து புனேக்கு இடம் மாறியதால் வந்த பெயர் அது. 1944இல் தலைமையகம் டெல்லிக்குப் போன பின்னும் ஊர் மக்கள் பெயரை விடவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணி, 1948இல் இங்கே கருவிகள் பிரிவில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வழி வகுத்தார். நூறு கருவிகளுக்கு வரைபடங்களை அவர் தரப்படுத்தினார். பெண்களுக்கு ஆய்வுக்கூடக் கதவு எளிதில் திறக்காத காலம் அது. புனேயில் ஒரு தெருவுக்காவது அவர் பெயரை வைத்திருக்க வேண்டும்.

அதே துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற, அப்பாவின் நண்பர் ஒருவர்தான் மறுநாள் விடியற்காலையில் நீஸிலிருந்து வந்தவரை வேதாள் டேக்டிக்கு அழைத்துப் போனார். டேக்டி என்றால் குன்று; புனேத் தமிழர்களும் டேக்டி என்றே சொல்கிறார்கள். ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில், நகரின் மிக உயர்ந்த இடம் இது. உச்சியில் வேதாளுக்கு ஒரு கோயில், பக்கத்தில் மழைநீர் நிரம்பிய பழைய கல்குவாரி. கேன்வாஸ் ஷூவும் மழைக்கோட்டுமாகக் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. எண்பது வயதுக்காரர்கள் கைத்தடியோடு முந்திப் போனார்கள். எங்கோ மயில் அகவியது.

“முன்னாடி இவ்வளவு மரம் இல்லையே, மாமா?”

“இல்லம்மா. இதுல பாதிக்கு மேல கிளிரிசிடியா. வனத்துறை நட்டது. பார்க்கப் பச்சையா இருக்கும், ஆனா இந்த மண்ணோட மரம் இல்ல.”

மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம் அது. ஆடு மாடு அதிகம் கடிக்காது, வேகமாக வளரும் என்பதால் மொட்டைக் குன்றுகளில் நட்டார்கள். ஆனால் அந்தக் குன்றுகள் மொட்டையாக இருந்ததில்லை, அவை புல்வெளிகள். தரையில் கூடு கட்டும் வானம்பாடிகளுக்கும் காடைகளுக்கும் அந்தப் புல்தான் வீடு. கோடையில் பழுப்பாகக் கிடப்பதைப் பாழ்நிலம் என்று எண்ணி மரம் நடுவது நல்லெண்ணத்தில் செய்யும் சேதம். எருமை மேய்ந்த அந்தச் சரிவுகளை அவர் நினைவில் வைத்திருந்தார். மாமா காட்டிய ஒரு துண்டுப் புல்வெளியில் வெகுநேரம் நின்றார்.

இந்தக் குன்றின் குறுக்கே பால்பாரதியிலிருந்து பௌட் பாட்டாவுக்குச் சாலை போடுவது மாநகராட்சியின் நெடுநாள் திட்டம். சுரங்கப்பாதைகளும் பேச்சில் உண்டு. 2023 ஏப்ரலில் ஆயிரக்கணக்கானோர் அதை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். தினமும் ஏறும் கால்கள்தான் அன்று தெருவுக்கு வந்தன. காலாற நடக்க ஒரு மலை வேண்டும் என்று கேட்பதை ஆடம்பரம் என்று யாரும் ஒதுக்க முடியாது. அடியில் குழாய்க்கிணறுகளுக்கு நீரூறுவதும் இதே பாறை வழியாகத்தான்.

மழைக்கால உல்லாசத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 2024 ஜூன் 30 அன்று லோனாவளாவின் பூஷி அணை அருகே அருவி வெள்ளத்தில் ஒரே குடும்பத்தினர் ஐவர் அடித்துச் செல்லப்பட்டார்கள். 2025 ஜூன் 15 அன்று குண்ட்மலாவில் இந்திராயணி ஆற்றுப் பழைய இரும்புப் பாலம் கூட்டத்தின் பாரம் தாங்காமல் இடிந்து நால்வர் இறந்தார்கள். மேலே முகட்டில் கொட்டும் மழை சில மணி நேரத்தில் கீழே ஆறாக வரும் என்பதை 1961 ஜூலை 12 அன்று பான்ஷெட் அணை உடைந்து ஊர் மூழ்கியதைப் பார்த்த முதியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வார இறுதிக்கு வருகிற இளைஞர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

சிங்ககட் கோட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்தே ஏறினார்கள். 1,312 மீட்டர் உயரத்தில் மூடுபனிக்குள் கடலைமாவுப் பித்லா, பாக்ரி ரொட்டி, மண்சட்டித் தயிர். சரிவெங்கும் கார்வி புதர். ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து மடியும் கார்வி, 2018இல் நீலகிரியிலும் மூணாறிலும் பூத்த குறிஞ்சிக்கு ஒரே பேரினத்து உறவு. இதன் தண்டுகளை வரிசையாகக் கட்டி மண் பூசி இங்கே குடிசைச் சுவர் எழுப்புவார்கள்.

இறங்கும்போது பேச்சு கோயில் காடுகளுக்குத் திரும்பியது. மராத்தியில் தேவராயி. இதே புனேயில் 1942இல் பிறந்த சூழலியலாளர் மாதவ் காட்கில், தாவரவியலாளர் வர்தக்குடன் சேர்ந்து 1970களில் அவற்றை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார். கோடரி படாமல் கிராமத்தார் காத்த காட்டில், மற்ற இடங்களில் அழிந்த மரங்கள் நின்றன. 2011இல் காட்கில் குழு மேற்குத் தொடர்ச்சி மலை பற்றித் தந்த அறிக்கை, எதை எங்கே காப்பது என்பதில் கிராமசபைக்கும் குரல் வேண்டும் என்றது. அறிக்கையை அந்த மலை கடந்து செல்லும் ஆறு மாநிலங்களும் எதிர்த்தன. அடுத்த ஆண்டு யுனெஸ்கோ இதே மலைத்தொடரின் 39 இடங்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. சாத்தாராவுக்கு மேலே இருக்கும் காஸ் பூப்பீடபூமி அதில் ஒன்று.

“காஸ் செப்டம்பர்லதாம்மா பூக்கும். நீ இருக்க மாட்டே. அடுத்த ஞாயித்துக்கிழமை பாஷாண் பக்கம் போலாமா? காலைல ஆறு மணிக்கு.”

“டிக்கெட் அதுக்கு அடுத்த செவ்வாய்க்குத்தான், மாமா. வரேன்.”