"நான் இன்னா தப்பு பண்ணேன்?" - மரக்காணம் உப்பளத்தில் ஒரு தாயின் கேள்வி

மரக்காணம் உப்பளத்தில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்களுக்கு அந்த வெள்ளைக் குவியல்கள் செல்ஃபிக்கு நல்ல பின்னணி. பாத்தியில் நிற்கிறவர்களுக்கோ மேலே ஒரு வெயில், உப்பில் பட்டுக் கீழிருந்து அடிக்கும் இன்னொரு வெயில். நிழல் வேண்டுமென்றால் தூரத்தில் நிற்கும் வேலிகாத்தான் மரத்துக்குத்தான் நடக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது. மாமியாரோடு உப்பு சுமக்கப் போகிறவள். வாரிய உப்பைக் கூடையில் அள்ளி, தலையில் ஏற்றி, வரப்பில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதத்தில், மூன்றாம் மாதக் கரு கலைந்துபோனது. "பப்பாளி தின்னிருப்பா" என்றார் ஒருவர். "உச்சி நேரத்துல புளியமரத்தாண்ட போயிருப்பா" என்றார் இன்னொருவர். "நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று அவளும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது மறுபடியும் நாலாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்த்த நர்சம்மா, "வேலை செய்யற எடத்துல எவ்வளவு தண்ணி குடிக்கிற?" என்று கேட்டார்.

"குடிக்கிறதில்ல நர்சம்மா. குடிச்சா ஒதுங்கணும். அங்க எங்க ஒதுங்கறது?"

நர்சம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அவர் சொன்னது, அவள் அதுவரை கேட்டிராத செய்தி.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் பேராசிரியர் வித்யா வேணுகோபாலின் குழு 2017-ல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. தமிழ்நாட்டைச் சேர்ந்த 800 கர்ப்பிணிகள் அதில் பங்கேற்றார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற கடும் வெப்பமுள்ள இடங்களில் வேலை செய்தவர்கள். 2024-ல் முடிவு வெளியானது. வெப்பத்தில் உழைத்த கர்ப்பிணிகளுக்குக் கரு கலையும் ஆபத்து, மற்றவர்களைவிட இரண்டு மடங்கு.

இது ஏன் முன்பே தெரியவில்லை? எவ்வளவு வெயிலில் வேலை செய்யலாம் என்ற உலக அளவிலான வழிகாட்டுதல்கள் பலவும், 1960-70களில் அமெரிக்க ராணுவத்தில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. 70, 75 கிலோ எடையுள்ள ஆரோக்கியமான ஆணின் உடம்புதான் அங்கே அளவுகோல். தலையில் கூடையும் வயிற்றில் பிள்ளையுமாக நடக்கும் ஒரு பெண் அந்தக் கணக்கில் வரவே இல்லை. கர்ப்பிணியின் உடம்பு இயல்பிலேயே கூடுதல் வெப்பத்தை உண்டாக்கும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாது, உடம்பு குளிராது. தண்ணீரும் குடிக்காவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

ஸ்கேனிலும் இதே கதைதான். கரு எத்தனை வாரம் என்று கணக்கிட நம் மருத்துவமனைகள் பயன்படுத்தும் சூத்திரம் மேற்கத்தியப் பெண்களின் அளவுகளிலிருந்து உருவானது. நாள் தவறினால், குறைமாதக் குழந்தையா, எடை குறைந்த குழந்தையா என்பதே குழப்பமாகிவிடும். குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளின் தகவல்களைக் கொண்டு, சென்னை ஐ.ஐ.டி-யும் ஃபரிதாபாத் டி.ஹெச்.எஸ்.டி.ஐ. ஆராய்ச்சி நிறுவனமும் 'கர்பிணி-ஜிஏ2' என்ற புதிய கணக்கீட்டை 2024-ல் அறிவித்தன. பழைய சூத்திரத்தோடு ஒப்பிட்டால் பிழை ஏறக்குறைய மூன்று மடங்கு குறைந்திருக்கிறது. நம் பெண்களை அளந்து பார்த்ததால் கிடைத்த பலன் இது.

எல்லாவற்றையும் கேட்டவள், தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்ப... மொத புள்ள வெயிலாலதான் போச்சா?"

"அப்படி உறுதியா சொல்ல முடியாதும்மா. கரு கலையறதுக்கு நிறைய காரணம் இருக்கு. ஆனா நீ தப்பு பண்ணதால இல்ல. அத மட்டும் நல்லா மனசுல வெச்சுக்கோ."

அவள் அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார்தான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புளியமரத்தைப் பற்றி முதலில் பேசியது அவர்தான்.

வேலையை விட்டுவிடு என்று சொல்வது சுலபம். வெயில் ஏறினால்தான் உப்பு விளையும். உப்பு விளைந்தால்தான் கூலி. மழைக்காலத்தில் உப்பளம் மூடிக் கிடக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் கிடைக்கிறது. பெரிய உதவிதான். ஆனால், தவணைகளாக வரும் அந்தப் பணம் தினக்கூலிக்கு ஈடாகாது. கழிப்பறையும் நிழற்கூரையும் அவள் தனியாகக் கட்டிக்கொள்ளக் கூடியவையும் அல்ல.

மாமியாரும் மருமகளும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இருட்டோடு போய், வெயில் ஏறுவதற்குள் அவள் திரும்பிவிட வேண்டும். தலைச்சுமை கிடையாது, வாரிக் குவிக்கும் வேலையில் முடிந்தது மட்டும். குறையும் கூலிக்கு, மாமியார் கூடுதலாகச் சில நடை சுமப்பார்.

மறுநாள் வரப்பில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. வேலிகாத்தான் மரத்தடியில் பழைய புடவை ஒன்று மறைப்பாகக் கட்டப்பட்டிருந்தது. கட்டியது மாமியார்தான்.

"தண்ணி குடிச்சியா?" என்று பாத்தியிலிருந்து குரல் கொடுத்தார்.

"குடிச்சிட்டேன் அத்த."

"இன்னும் கொஞ்சம் குடி."