கூடாரத்துக்குள் வெயில்

பாகான் செராயில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால், முழங்கால் வலியால் அம்மாவால் கடைவீட்டு மேல்மாடியை விட்டு இறங்க முடியவில்லை. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வாசலில் கீரை வளர்த்தவர். அவருக்காக 2க்கு 2 அடி செடிக்கூடாரம் வாங்கினேன்.

விளக்குப் பெட்டியில் '300 வாட்' என்றிருந்தது. கீரையோ நூலாக நீண்டு சாய்ந்தது. மீட்டர் மாட்டிப் பார்த்தால், 22 வாட்தான் இழுக்கிறது! நல்ல எல்இடி என்றால், கீரைக்குச் சதுர அடிக்கு அசல் 10 வாட் போதும். 4 சதுர அடிக்கு 40. மாற்றினேன். தினம் 16 மணி நேரம் எரிந்தாலும் மாதம் 19 யூனிட்தான்.

"ராத்திரியும் எரியட்டுமாம்மா?"

"செடியும் தூங்க வேணாமாய்யா?"

போன வாரம் முதல் கீரை. கடைந்தது அம்மாதான்.