ஆச்சி எதை விற்றாள்?

எங்கள் குடும்பத்தில் யாருக்குப் பணமுடை வந்தாலும் ஆச்சியின் பாம்படம் பேச்சுக்குள் வந்துவிடும். "குத்தாலத்துலேர்ந்து தென்காசிக்கு வீடு மாறும்போது, ரெண்டு காதுலயும் கெடந்ததைக் கழற்றி வித்துல்லா ஒத்திப் பணம் கட்டினா" என்று சித்தப்பா தொடங்குவார். இந்த வருஷம் அந்தக் கதை என் தலையில் விழுந்தது. நான் வீடு மாறியாக வேண்டும். புது வீட்டுக்காரர் அட்வான்ஸை மொத்தமாகக் கேட்கிறார். பழைய பீரோவையும் கட்டிலையும் விலைக்குப் போட்டால் வண்டி வாடகைக்கே காணாது. சீட்டைத் தள்ளி எடுப்பதா, வளையலை வங்கியில் வைப்பதா என்று தடுமாறிக்கொண்டிருந்தவளிடம், "உங்க ஆச்சி இப்படி யோசிச்சுக்கிட்டா இருந்தா?" என்றார் சித்தப்பா.

அந்த எரிச்சலில்தான் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஒத்திப் பத்திரம் இருந்தது. 1964, குரோதி வருஷம், ஆவணி மாதம். எழுநூறு ரூபாய். வீட்டுக்கு வாடகை இல்லை, பணத்துக்கு வட்டி இல்லை. மூன்று வருஷம் குடியிருந்துவிட்டு, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காலத்து எழுநூறு. ஒரு ஜோடி பாம்படத்துக்கு அவ்வளவு கிடைத்திருக்குமா?

தென்காசியில் கோயிலுக்குப் பின்னால் ஒரு வயதான ஆசாரி இருக்கிறார். பட்டறையை மூடி வெகுகாலமாயிற்று; உமியோடும் ஊதுகுழலும் மட்டும் திண்ணை மூலையில் கிடக்கின்றன. பாம்படம் என்றதும் உள்ளே போய் ஒரு தகரடப்பாவை எடுத்து வந்தார். அதில் நசுங்கிய குண்டு ஒன்று, பாம்படத்திலிருந்து கழன்றது. நகத்தால் அதன் விளிம்பைப் பிரித்துக் காட்டினார். தாளைப் போல மெல்லிய தகடு. உள்ளே கருஞ்சிவப்பாக அரக்கு.

"பாத்தியா தாயி? காதுல பாத்தா கனமாத் தெரியும். உருக்குனா அரக்கு புகையாப் போயிரும். மிஞ்சுறதை உள்ளங்கையில வச்சுத் தேடணும்."

அப்படியானால் ஆச்சிக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவே இல்லை. எந்தப் பக்கம் கேள்வியைத் திருப்பினாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து நின்றார்: தங்கக் கட்டுப்பாடு. சீனப் போரை அடுத்து, 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது வந்த விதி. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது. செம்பு கலந்து நிறம் மாறிய அந்தத் தங்கத்தை நம் பெண்கள் கையால் தொடவில்லை. நாடு முழுக்க ஆசாரிமார் பிழைப்பு போயிற்று. உயிரை விட்டவர்களும் உண்டு. 1966இல்தான் அந்த விதி தளர்ந்தது. "அறுபத்து நாலுல பாம்படத்தை வாங்கி, நாங்க அதை வச்சு என்ன செய்ய? சொல்லு." ஆச்சியைப் பற்றிக் கேட்க வந்தவளுக்கு அவருடைய அப்பாவின் கதையைக் கேட்கும்படி ஆயிற்று. எழுந்துவிடலாம் என்று பையை எடுத்தேன்.

"எங்க அப்பா அந்த வருஷம் ஊதுகுழலை வச்சிட்டுக் குத்தாலம் போயிட்டாரு. நானும் கூடப் போனேன். சீசன் வீடுகளுக்கு விறகும் இலைக்கட்டும் கொண்டுபோய்ப் போடுற வேலை. அஞ்சருவிப் பாதையில, முத்தத்துல பலா நிக்கிற வீடு ஒண்ணு. அதுக்கு மட்டும் தெனம் நாப்பது இலை."

முற்றத்தில் பலா நின்றது எங்கள் வீடு. எங்கள் வீட்டில் மொத்தமே ஏழு பேர். நாற்பது இலை யாருக்கு?

பாம்படம் அந்த இடத்தில் என் கையை விட்டு நழுவியது. குற்றாலத்து விருந்து என்றால் எல்லோரும் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டைத்தான் சொல்வார்கள். ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கிய வீடு. 1954இல் டி.கே.சி. மறைந்த பிறகும் அந்தப் பெருமை ஊருக்கு ஒட்டிக்கொண்டது. அதே ஊரில், சாரல் தொடங்கியதும் சொந்த வீட்டின் முன்கட்டை வெளியூர்க்காரர்களுக்கு விட்டுவிட்டு அடுப்படியில் படுத்துக்கொண்ட குடும்பங்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஆடியில் ஒருவரும் வீடு மாற மாட்டார்கள். அருவியில் கூட்டம் நெரிவதும் ஆடியில்தான். ஆடியில் சம்பாதித்து ஆவணியில் பால் காய்ச்சியிருக்கிறாள் ஆச்சி. பத்திரத்தில் மாதம் எழுதியிருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

பெரியத்தைக்கு அப்போது பதினொரு வயது. செங்கோட்டையில் இருக்கிறாள். நாற்பது இலை என்று நான் ஆரம்பித்ததுமே, "அந்த ஆசாரி இன்னும் இருக்காரா?" என்றாள். பிறகு தடையில்லாமல் வந்தது. முன்கட்டில் சிவகாசிக்காரர்கள், ஒரு குடும்பம் கிளம்பினால் அடுத்தது. அருவியில் நின்றுவிட்டு வருகிறவர்களுக்குப் பசி பொறுக்காது, இட்லிக் கொப்பரை இறங்கவே இறங்காது. அவர்கள் சொல்லி அக்கம்பக்கத்து வீடுகளில் தங்கியவர்களும் சாப்பிட வந்தார்கள். சாரலில் துணி காயாதே? அடுப்புக்கு மேலே கொடி கட்டி, வந்தவர்களின் ஈரத்துணியைக் காயவைத்துக் கொடுப்பாள் ஆச்சி. அதற்குத் தனிக் காசு. "எங்க தலைக்கு மேல ராத்திரி பூரா ஊரான் வேட்டி சொட்டிக்கிட்டே கெடக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள் அத்தை.

"இதை ஏன் அத்தை யாருமே சொல்லல?"

"நல்லாக் கேட்ட போ. காசுக்குச் சோறு பொங்கிப் போட்டவ மகள்னு தெரிஞ்சா, என்னைய யாருட்டி பொண்ணு கேட்டு வருவா? ஒத்திக்கு ஏது பணம்னு ஊரு கேட்டுச்சு. பாம்படத்தை வித்தேன்னுட்டா அம்மை."

"அப்போ பாம்படம்?"

"அரிசிப் பானைக்குள்ள கெடந்துச்சு. எழுபத்தொண்ணுல என் கல்யாணத்துக்கு உருக்குனோம். தாலிக்கொடிக்கு எட்டல, ஒரு மோதிரந்தான் தேறுச்சு."

ஆசாரி சொன்ன கணக்கு சரிதான். ஊர் வாயை மூட, விற்காத நகையை ஏழு வருஷம் காதில் போடாமல் இருந்திருக்கிறாள் ஆச்சி. அந்தச் சீசனில் அவளுக்கு வந்த நஷ்டம் அது ஒன்றுதான்.