ஏற்றத்தில் சோர்ந்த ஜீப்

 

கிதாபு ஓதிக்கொடுக்கும் ஒரு மௌலவி, டீசல் ஜீப்பின் நோயைப் பற்றி எழுத வருகிறாரே என்று நீங்கள் வியப்படையக் கூடும். பல வருடங்களாக நான் மாணவர்களுக்குப் படித்துக்கொடுத்த ஒரு பாடத்தை, அந்த ஜீப்தான் எனக்குத் திருப்பிப் படித்துத் தந்தது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மாவனல்லைப் பக்கம். மச்சான் சவூதியில் இருப்பதால் அவருடைய பழைய ஜப்பான் டீசல் ஜீப் எங்கள் வீட்டில்தான் நிற்கும். மலைக்கு மேலுள்ள சிறு தேயிலைத் தோட்டத்துக்குக் கல்லும் சேறுமான பாதையில் அதுதான் ஏறும். 2022 கடைசியில் ஒரு பிள்ளையைச் சாரதியாக வைத்துக்கொண்டோம். தகப்பனில்லாத பிள்ளை. தாய் தைத்துப் பிழைப்பவர்.

2023 ஆரம்பத்தில் ஒரு நாள், உம்மாவைக் கண்டிக்கு கிளினிக் கூட்டிக்கொண்டு போனோம். கடுகண்ணாவை ஏற்றத்தில், குடைந்த பாறைக்குக் கிட்டப் போகும்போது ஜீப் சோர்ந்துவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் இழுக்கவில்லை. மூன்றாம் கியர், இரண்டாம் கியர், கடைசியில் முதலாம் கியரிலும் தவழ்ந்தது. பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடிக்கின்றன. உம்மா ஸலவாத்து ஓதுகிறார். ஓரத்தில் நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்தோம். பதினைந்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காதது போல ஏறிப் போனது!

இப்படி நாலைந்து தடவை நடந்தது. இரண்டு கராஜ்களில் காட்டினேன். டீசல் பில்டர் மாற்றினார்கள், காற்று பில்டர் மாற்றினார்கள், மட்டமான பாதையில் ஓட்டிப் பார்த்து, “ஒரு குறையுமில்லை” என்றார்கள். காசு போனதே தவிர நோய் போகவில்லை. கடைசியில் ஒருவர், “டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கும். யார் எண்ணெய் அடிக்கிறது?” என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வி என் மனதில் விஷம் போல ஏறியது. எண்ணெய் அடிக்கக் காசு வாங்கிப் போவது அந்தப் பிள்ளைதான். அன்று அஸருக்குப் பிறகு, வீட்டு முற்றத்தில் நாலு பேர் இருக்கும்போதே, “தம்பி, டீசலுக்குத் தாற காசுக்கு டீசல்தானா அடிக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டேன். பிள்ளை என்னைப் பார்த்தது. பதில் சொல்லவில்லை. சாவியை ஜன்னல் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் அவனுடைய தாய் வந்தார். அழவில்லை. என் மனைவியிடம், “நாங்க ஏழைங்கதான் ராத்தா. என்ட மகன் கள்ளனில்ல” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அன்றிரவு மனைவி கேட்டாள்:

“புள்ளட வாப்பா, நம்மட மகளுக்கு இழுப்பு வந்த நேரம் டொக்டர் முதல்ல என்ன கேட்டார்? எப்ப வருது, எப்ப போகுது எண்டுதானே? நாம கொப்பியில எழுதிக் கொண்டுபோய்க் காட்டினோமே. ஜீப்புக்கும் அப்படி எழுதினீங்களா? எண்ணெய்ல கலப்படம் எண்டா, பதினைஞ்சு நிமிஷம் நிப்பாட்டி வச்சா அது சுத்தமாகிருமா?”

என்னிடம் பதில் இல்லை.

பாவித்த கொப்பி ஒன்றை எடுத்துத் தந்தாள். ஒரு கிழமை நானே ஓட்டி எழுதினேன். காலையில் முதல் இருபது நிமிஷம் நோய் இல்லை. கேகாலைக்கு மட்டமான பாதையில் போய் வந்தால் இல்லை. நீண்ட ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் வருகிறது. வரும்போது கரும்புகை இல்லை. நிறுத்தி வைத்தால் போய்விடுகிறது.

இந்தக் கொப்பியோடு வயதான சிங்கள பாஸ் ஒருவரிடம் போனேன். நான் வாசித்துச் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்பேனரைத் தொடவே இல்லை. பிறகு சொன்னார்: “காற்றுப் போதாமல் சோர்ந்தால் கரும்புகை தள்ளும். புகையில்லாமல் சோர்ந்தால் எஞ்சினுக்கு டீசல் போதவில்லை. பசியில் இருக்கிறது. சோறு எங்கே தடைப்படுகிறது என்று பார்ப்போம்.”

அவர் ஒவ்வொன்றாகத் தேடியதை உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

முதலில் டீசல் தாங்கியின் மூடி. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்கான வழி அடைபட்டால் உள்ளே வெற்றிடமாகி டீசல் வராது. மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்த்தார். நோய் இருந்தது. மூடி நிரபராதி.

அடுத்து, டீசல் குழாயின் நடுவே உள்ளே தெரியும் ஒரு குழாய்த் துண்டைப் பொருத்தினார். எங்காவது காற்று உறிஞ்சினால் அதில் குமிழிகள் ஓடும். குமிழி இல்லை. பில்டரின் அடியைத் திறந்து வடித்தார். தண்ணீர் இல்லை.

பிறகு சுத்தமான டீசல் நிறைந்த ஒரு கலனை எஞ்சின் பக்கம் இறுகக் கட்டினார். தாங்கியை விட்டுவிட்டு, டீசல் வரும் குழாயையும் மிச்சம் திரும்பும் குழாயையும் அந்தக் கலனுக்குள் விட்டார். அதே கடுகண்ணாவை ஏற்றம். ஜீப் சோரவே இல்லை! அப்படியானால் எஞ்சினிலோ பம்பிலோ இன்ஜெக்டர்களிலோ குற்றமில்லை. குற்றம் தாங்கிப் பக்கம்.

தாங்கியைக் கழற்றிக் கவிழ்த்தார்கள். டீசல் உறிஞ்சும் குழாயின் வாயருகே, கசங்கிய நீல நிறப் பொலித்தீன் துண்டொன்று. உள்ளங்கை அளவுகூட இல்லை.

செவ்விளநீரை ஸ்ட்ரோ வைத்துக் குடிக்கும்போது வழுக்கல் துண்டு வந்து அடைத்துக்கொள்வது உங்களுக்குத் தெரியுமே! உறிஞ்ச உறிஞ்ச இறுகும். விட்டுவிட்டால் விழுந்துவிடும். அதுவேதான். ஏற்றத்தில் எஞ்சின் அதிகம் கேட்கும்போது பொலித்தீன் இழுபட்டு வந்து வாயை மூடியது. நிறுத்தியதும் விலகியது. கராஜில் ஒருபோதும் பிடிபடாததன் காரணம் இதுதான்.

இப்போதைய புது வாகனங்களில் கம்பியூட்டர் இருப்பதால், கருவியைப் பொருத்தினால் பிழையின் இலக்கத்தைச் சொல்லும். அதை முதலில் பார்க்க வேண்டும். ஆனாலும் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதை, கூடப் போகிறவர்தான் சொல்ல வேண்டும்.

சகோதரிகளே! அந்த நீலத் துண்டைக் கையில் எடுத்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. 2022 மார்ச் மாதம். டீசலுக்கு மணிக்கணக்கில் வரிசையில் நின்ற காலம். கலனின் மூடி இறுகவில்லை என்று சொப்பிங் பேக்கைக் கிழித்து வாயில் வைத்து மூடியவன் நான். மின்வெட்டு இருட்டில், டோர்ச் வெளிச்சத்தில் அதைத் தாங்கிக்குள் ஊற்றியவனும் நான். அந்தப் பிள்ளை அப்போது எங்கள் வாசலையே மிதித்ததில்லை.

பாவியான ஒருவர் ஒரு செய்தி கொண்டுவந்தால் அதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பிறகு வருந்தும் நிலை வேண்டாம் என்பது ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் தரும் கட்டளை. எத்தனை தடவை வகுப்பில் விளக்கியிருப்பேன்! ஒரு ஜீப்பின் எஞ்சினுக்கு அந்த பாஸ் காட்டிய நீதியை, ஒரு யத்தீமுக்கு நான் காட்டவில்லை.

அடியானுக்கு இழைத்த அநியாயத்துக்கு அவனிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும். மஃரிபுக்குப் பிறகு, அன்று முற்றத்தில் இருந்த நால்வரையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நாலு பேர் முன் சொன்னதை நாலு பேர் முன்தானே கழுவ வேண்டும்? பொலித்தீன் துண்டைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். தாய் பிளேன்டீ ஊற்றித் தந்தார். பிள்ளை, “பரவாயில்ல ஹஸரத், நான் மன்னிச்சிட்டேன்” என்றது. ஆனால் நான் நீட்டிய சாவியை வாங்கவில்லை. இப்போது வேறோர் இடத்தில் லொறி ஓட்டுகிறான். வழியில் கண்டால் ஸலாம் சொல்கிறான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது.

உங்கள் வீட்டில் காசு குறையலாம், நகை காணாமல் போகலாம். மருமகள் பின்னேரமானால் சோர்ந்து படுக்கலாம், பிள்ளை சில நாட்களில் மட்டும் பாடத்தில் மந்தமாகலாம். கள்ளன், சோம்பேறி என்று நாவு முந்திக்கொள்ளும். அதைப் பிடித்து நிறுத்துங்கள். எப்போது வருகிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று ஒரு கிழமை கவனியுங்கள். அதற்குப் பாவித்த கொப்பி ஒன்று போதும்.

ஜீப்பின் தாங்கியைக் கழுவி மாட்டினோம், அது ஓடுகிறது. முற்றத்தில் சொன்ன சொல்லைத்தான் திருப்பி எடுக்க முடியவில்லை. வல்ல அல்லாஹ் நம் நாவுகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.