குருமனையிலும் கண்ணீர் உண்டு

தியானப் பகுதி: யாத்திராகமம் 18:1-23, கலாத்தியர் 6:1-5

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாரே,



கடந்த சில வாரங்களாக உங்களில் பலர் என்னிடத்தில் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறீர்கள். ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது தாழ்ந்த குரலில் கேட்டவர்கள் உண்டு. நேராகக் குருமனைக்கே வந்து கேட்டவர்களும் உண்டு. நம் பகுதியில் ஊழியம் செய்கிற ஒரு போதகரின் துணைவியார், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய்வீட்டுக்குச் சென்றுவிட்டார் என்பது செய்தி. "உண்மைதானா ஐயா? என்ன காரணமாம்?" என்பது கேள்வி.

அந்தக் குடும்பத்தைக் குறித்து நான் இங்கே ஒன்றும் எழுதப்போவதில்லை. அது அவர்களுடைய துயரம். அதை விசாரிக்கும் பொறுப்புடையவர்கள் விசாரிக்கிறார்கள். ஆனால் அப்படிப்பட்ட செய்தி காதில் விழும்போது சபையாராகிய நாம் என்ன செய்யவேண்டும் என்பது நம்முடைய காரியம். அதைக் குறித்து இந்த வாரம் உங்களோடு தியானிக்க விரும்புகிறேன்.

இந்திய மிஷனெரிகளில் வில்லியம் கேரியின் பெயரை அறியாதவர் நம்மில் இல்லை. வேதத்தை வங்க மொழியில் தந்தவர், செராம்பூர் கல்லூரியை நிறுவியவர்களில் ஒருவர் என்று ஞாயிறு பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அவருடைய வீட்டைக் குறித்து நாம் அவ்வளவாகப் படிக்கவில்லை. 1781ஆம் ஆண்டு, செருப்புத் தைக்கும் இளைஞராக இருந்த கேரி, டாரதி என்னும் பெண்ணை மணந்தார். திருமணப் பதிவேட்டில் பெயரெழுதத் தெரியாமல் ஒரு குறியை மட்டும் இட்டவர் அந்த அம்மையார். 1793இல் கேரி இந்தியாவுக்குப் புறப்படத் தீர்மானித்தபோது டாரதி வர மறுத்தார். அப்போது அவர் கர்ப்பவதி; அதற்கு முன்பே இரண்டு பெண் குழந்தைகளை இங்கிலாந்தின் மண்ணில் அடக்கம் செய்தவர். கப்பல் பயணம் தாமதப்பட்டதால் கேரி வீட்டுக்குத் திரும்பிவந்து மறுபடியும் அழைத்தார். தன் சகோதரி உடன்வந்தால் வருகிறேன் என்று டாரதி இறுதியில் சம்மதித்தார். பிறந்து சில வாரங்களே ஆன கைக்குழந்தையோடு அவர் கப்பலேறினார்.

வங்காளத்தில் முதல் ஆண்டு வறுமையிலும் வியாதியிலும் கழிந்தது. துணையாக வந்த சகோதரி அங்கேயே ஒருவரை மணந்துகொண்டு பிரிந்துபோனார். 1794இல், முத்னாபாத்தி என்னும் இடத்தில் அவுரித் தொழிற்சாலையை கேரி நிர்வகித்துக்கொண்டிருந்தபோது, ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பினால் மரித்தான். அதற்குப்பின் டாரதியின் மனம் நிலைகுலைந்தது. தன் கணவர் தனக்குத் துரோகம் செய்கிறார் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. வீதியிலும் பிறர் முன்னிலையிலும் அவரைக் குற்றஞ்சாட்டினார். உடன் ஊழியர் கடிதம் எழுதி அது பொய்யென்று இங்கிலாந்திலிருந்தவர்களுக்குத் தெரிவிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. 1800 டிசம்பர் 28ஆம் நாள் கிருஷ்ண பால் என்னும் முதல் வங்க விசுவாசி ஹூக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார். கேரியின் மூத்த மகன் பீலிக்ஸும் அன்றே ஞானஸ்நானம் பெற்றான். அந்த மகிழ்ச்சியின் நாளிலும் பீலிக்ஸின் தாய் ஓர் அறைக்குள் அடைக்கப்பட்டிருந்தார். 1807 டிசம்பரில் மரிக்கும்வரை அவர் நிலை மாறவில்லை.

பிரியமானவர்களே, செராம்பூரில் இருந்த உடன் ஊழியர்கள் இந்தக் காரியத்தில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். நம்முடைய தரங்கம்பாடியைப் போலவே செராம்பூரும் அப்போது டென்மார்க் அரசின் ஆளுகையில் இருந்த ஊர். அங்கே மிஷனெரிக் குடும்பங்கள் ஒரே வளாகத்தில் வசித்து, ஒரே பந்தியில் உணவருந்தினார்கள். கேரியின் வீட்டில் நடந்த எதுவும் அவர்களுக்கு மறைவானதாக இருந்திருக்க முடியாது. ஆயினும் அவர்கள் கேரியைத் தள்ளிவிடவில்லை. டாரதியையும் அந்த வீட்டிலிருந்து அகற்றவில்லை. கட்டுப்பாடின்றி வளர்ந்துகொண்டிருந்த பிள்ளைகளை ஹன்னா மார்ஷ்மன் அம்மையார் தாயைப்போல் கவனித்துக்கொண்டார். அச்சுத்தொழில் அறிந்த வில்லியம் வார்ட், பீலிக்ஸைத் தம்மோடு வைத்துக்கொண்டு வேலையும் விசுவாசமும் கற்றுக்கொடுத்தார். மேலும், செராம்பூருக்கு வந்த முதல் மாதத்திலேயே அவர்கள் ஓர் ஒழுங்கை ஏற்படுத்தினார்கள். சனிக்கிழமை மாலைதோறும் கூடி, அந்த வாரத்தில் ஒருவருக்கொருவர் ஏற்பட்ட மனவருத்தங்களைப் பேசித் தீர்த்து, ஒருவரையொருவர் நேசிப்போம் என்று புதுப்பித்துக்கொள்வதே அந்த ஒழுங்கு.

இந்தச் சரித்திரத்தை நாம் ஒருபக்கமாகவே சொல்லிவந்திருக்கிறோம். கேரி எவ்வளவு பொறுமையுள்ளவர் என்று வியக்கிறோம். கடல்கடந்து வரச் சம்மதித்து, பிள்ளையைப் புதைத்து, அந்நிய தேசத்தில் மனமுடைந்த பெண்ணை "கேரியின் பாரம்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். டாரதியைக் குறித்து நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் மற்றவர்கள் எழுதியதே. ஒரு போதகரின் இல்லறம் தடுமாறும்போது, பிரசங்கபீடம் உள்ளவருடைய குரல் கேட்கும். அவர் மனைவியின் குரல் கேட்காது. அன்று அப்படி, இன்றும் அப்படித்தான்.

ஜான் வெஸ்லியின் காரியமும் நீங்கள் அறிந்திருக்க வேண்டியது. 1751இல் அவர் மேரி வசீல் என்னும் விதவையை மணந்தார். மணமானபின்பும் அவருடைய குதிரைப் பயணங்களும் பிரசங்கங்களும் குறையவில்லை. சந்தேகமும் கசப்பும் வளர்ந்தன. அம்மையார் ஒருமுறைக்கு மேல் அவரை விட்டுப் பிரிந்துபோனார். 1781இல் அவர் மரித்தபோது, அடக்கத்தைக் குறித்த செய்தி அது முடிந்தபின்பே வெஸ்லிக்கு எட்டியது. இலட்சக்கணக்கானோர் ஆசீர்வாதம் பெற்ற ஊழியத்திற்குள் இப்படி ஒரு வெறுமையும் இருந்தது. கர்த்தருடைய ஊழியக்காரர்களும் மண்பாண்டங்களே.

வேதத்தில் மோசேயின் வீட்டைப் பாருங்கள். அவர் தம் மனைவி சிப்போராளைத் திரும்ப அனுப்பிவிட்டிருந்தார் என்று யாத்திராகமம் 18:2 சொல்லுகிறது. காரணத்தை வேதம் சொல்லவில்லை. பரிசுத்த ஆவியானவரே சொல்லாமல் விட்டதை நாம் ஊகித்துப் பேசவேண்டிய அவசியம் இல்லை. மாமனாகிய எத்திரோ, மகளையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பாளயத்திற்கு வந்தார். மருமகனைக் கடிந்துகொள்ளவில்லை, சுகம் விசாரித்தார், கர்த்தர் செய்ததைக் கேட்டு மகிழ்ந்தார், கூட அமர்ந்து போஜனம் பண்ணினார். மறுநாளில் அவர் ஒன்றைக் கண்டார். காலைமுதல் சாயங்காலம் வரைக்கும் மோசே உட்கார்ந்து நியாயம் விசாரிக்கிறார். ஜனங்கள் அவரைச் சூழ்ந்து நிற்கிறார்கள். அப்போது எத்திரோ, இது நல்லதல்ல, நீரும் தளர்ந்துபோவீர், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள், பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் என்று ஆலோசனை சொன்னார். மனைவி பிள்ளைகளைச் சேர்த்துவைக்க வந்தவர், ஊழியத்தின் பாரத்தையும் குறைக்கச் சொன்னார். இரண்டும் ஒரே அதிகாரத்தில் வருவதைக் கவனியுங்கள்.

காவிரிப் படுகையில் வாழும் நமக்கு இது எளிதாகப் புரியவேண்டும். வழக்கப்படி ஜூன் 12ஆம் நாள் மேட்டூரில் தண்ணீர் திறந்தால், அது கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு என்று பிரிந்து, ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் ஓடி, கடைசியில் கடைமடைக்குச் சேருகிறது. தலைமடைக்காரர் நாற்று நட்டு முடித்தபின்பும் கடைமடைக்காரர் வெடித்த வயலில் நின்று வானத்தைப் பார்ப்பதுண்டு. ஆற்றில் தண்ணீர் இல்லாமல் அல்ல. வழியில் அத்தனை மதகுகள் இருப்பதால். பல குருமனைகள் கடைமடை வயல்களாகவே இருக்கின்றன. காலையில் மருத்துவமனை, மதியம் அடக்க ஆராதனை, மாலையில் வீட்டு ஜெபம், இரவில் சேகரக் குழு. எல்லாருடைய வயலுக்கும் பாய்ந்த தண்ணீர் சொந்த வீட்டு வாசலுக்கு வரும்போது வற்றிப்போகிறது.

என் மனைவி ஒருமுறை என்னிடம் சொன்னதை நான் மறப்பதில்லை. "சபையில் யாருக்கு மனம் நொந்தாலும் ஐயரிடம் வருகிறார்கள். ஐயரம்மாவுக்கு மனம் நொந்தால் எந்த ஐயரிடம் போவது?" என்றாள். உண்மைதான். போதகருடைய மனைவிக்குத் தன் கணவரே போதகர். கணவரைக் குறித்த வருத்தத்தை அவரிடத்திலேயே சொல்லவேண்டும். சபையில் சொன்னால் வம்பாகும். சொந்த வீட்டில் சொன்னால் ஊழியத்திற்கு அவமானம் என்பார்கள். அவள் வசிக்கிற வீடும் சபையினுடையது. பிரிவு நேரிட்டால் ஒரே நாளில் கணவரையும், வீட்டையும், தான் ஜெபித்த ஆலயத்தையும் அவள் இழக்கிறாள். வேறு எந்தப் பெண்ணுக்கும் இப்படி மூன்றும் சேர்ந்து போவதில்லை.

அப்படியானால் கிருபை என்பது என்ன? எல்லாவற்றையும் மூடிவைப்பதா? அல்லவே அல்ல. கிறிஸ்துவிடத்தில் கிருபையும் சத்தியமும் ஒன்றாக வந்தன என்று யோவான் எழுதுகிறார். மூப்பனுக்கு விரோதமாக இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் குற்றச்சாட்டை ஏற்கவேண்டாம் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார் (1 தீமோத்தேயு 5:19). அதற்கு அடுத்த வசனத்திலேயே, பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்றும் எழுதினார். முதல் வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் அநீதி மறைக்கப்படும். இரண்டாம் வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் வதந்தியே தீர்ப்பாகிவிடும்.

ஆகையால் நாம் பகுத்தறிய வேண்டும். களைப்பினால் வறண்டுபோன இல்லறம் உண்டு. அதற்கு ஓய்வும் நல்ல ஆலோசகரும் தேவை. டாரதிக்கு நேர்ந்ததுபோல மனநோயால் உடைந்த இல்லறம் உண்டு; அதற்கு ஜெபத்தோடு மருத்துவரும் தேவை. துரோகத்தினால் முறிந்த இல்லறம் உண்டு. அங்கே மனந்திரும்புதலும், பேராயரின் விசாரணையும், பீடத்திலிருந்து விலகி நிற்கும் காலமும் தேவை. அடியும் அச்சுறுத்தலும் நிறைந்த வீடும் உண்டு. அங்கே முதலாவது தேவை, அந்தப் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டின் சட்டம் போதகரின் மனைவிக்கும் உரியது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் அவளுக்கும் உரியது. அப்படிப்பட்டவளிடம் போய், ஊழியத்தின் பெயர் கெட்டுவிடும், பொறுத்துக்கொள் என்று சொல்லுவது கிருபை அல்ல. அது ஆடுகளைப் பலியிட்டு மேய்ப்பனுடைய அங்கியைக் காப்பாற்றுவதாகும்.

சபையாராகிய நாம் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, நமக்குத் தெரியாததைப் பேசாதிருப்போம். யோபுவின் சிநேகிதர் ஏழுநாள் மௌனமாகத் தரையில் உட்கார்ந்திருந்தபோது நல்ல சிநேகிதராயிருந்தார்கள். வாய்திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபின்புதான் உபத்திரவமானார்கள். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் செய்தியும் பேச்சுதான்.

இரண்டாவது, பிரிந்து நிற்கிற இருவரில் யாரையும் தனியே விடாதிருப்போம். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் மூத்த தாய்மார் இருவர், தாய்வீட்டில் இருக்கிற அந்தச் சகோதரியைப் போய்ப் பார்க்கலாம். காரணம் கேட்க அல்ல. கூட உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட. போதகருக்கும் அப்படியே, அவரிடம் உண்மையைச் சொல்லத் துணிகிற ஒரு மூத்த சகோதரர் அருகில் இருக்கவேண்டும்.

மூன்றாவது, பிள்ளைகள். ஹன்னா மார்ஷ்மனைப் போல, அவர்களுடைய படிப்பையும் பசியையும் விசாரிக்கிறவர் ஒருவர் வேண்டும். ஞாயிறு பள்ளியில் அந்தப் பிள்ளையின் முன்பாக அதன் பெற்றோரைக் குறித்து ஒருவரும் பேசலாகாது.

நான்காவது, உடையுமுன் காப்பது. வாரத்தில் ஒருநாள் உங்கள் போதகருடைய வீட்டுக்கு விட்டுவிடுங்கள். மரணமும் அவசரமும் தவிர மற்றவை மறுநாள் வரட்டும். சொந்த வீட்டை நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று கேட்கிற வேதம், அந்த வீட்டை நடத்த அவனுக்கு நேரம் வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கிறது.

ஆற்றங்கரையில் உடைப்பு எடுத்தால் நம் கிராமங்களில் என்ன செய்வோம் என்பது உங்களுக்குத் தெரியும். இது யாருடைய வயல், யார் கரையைக் கவனிக்காமல் விட்டது என்று அந்த இரவில் எவரும் வழக்காடுவதில்லை. மணல் மூட்டையோடு எல்லாரும் ஓடுகிறோம். கரை அடைபட்டபின் கணக்குக் கேட்க நாள் உண்டு, கேட்கவும் வேண்டும். ஆனால் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கையில் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவன் அந்த ஊர்க்காரனாக எண்ணப்படான். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி கலாத்தியருக்கு எழுதிய அப்போஸ்தலன், இடறினவனைச் சாந்தமுள்ள ஆவியோடு சீர்ப்படுத்துங்கள் என்றும், நீங்களும் சோதிக்கப்படாதபடிக்கு உங்களைக் காத்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினார்.

இந்தச் சனிக்கிழமை மாலையில், செராம்பூர் ஊழியர்களைப் போல, உங்கள் வீட்டில் கணவனும் மனைவியுமாய் உட்கார்ந்து, இந்த வாரத்தின் மனவருத்தங்களை ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். சூரியன் அஸ்தமிக்குமுன் அதைத் தீர்த்துக்கொண்டு, ஞாயிறன்று திருவிருந்துக்கு வாருங்கள். குருமனையிலும் நாங்கள் அவ்வாறே செய்வோம்.

ஜெபம்: இரக்கமுள்ள பரம பிதாவே, உமது ஊழியக்காரரின் இல்லங்களை உமது சமுகத்தில் வைக்கிறோம். உடைந்த இருதயங்களைக் கட்டும். மறைவிலிருக்கும் அநீதியை வெளிச்சத்திற்குக் கொண்டுவாரும். பயந்திருப்பவர்களுக்கு அடைக்கலம் தாரும். எங்கள் நாவுக்குக் காவல் வையும். எங்கள் கைகளுக்கு வேலை தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.