கணபதிப் பட்டறையில் ஒரு 47 மி.மீ. துளை

கோவை கணபதியில் சத்தி ரோட்டை விட்டு உள்ளே போகும் சந்துகளில் வீடு எது, பட்டறை எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. கோலம் போட்ட வாசலுக்கு அடுத்த ஷட்டரைத் தூக்கினால் இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் இருக்கும். நான் போன பட்டறையும் அந்த ரகம்தான். லேத்துகளோடு, கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் இரண்டு வி.எம்.சி. மெஷின்களும் ஒரு கம்ப்யூட்டர் மேசையும் சேர்ந்திருக்கின்றன. முதலாளியோடு எட்டுப் பேர். பம்ப் பாகங்கள், ஜவுளி மெஷின் உதிரிகள், எப்போதாவது ஒரு ஃபிக்ஸர். எல்லாம் ஜாப் ஒர்க்.

சுவரில் ஓர் ஆணி. அதில் குத்தி வைத்த பழைய டிராயிங்குகள். அடியில் கிடப்பவை அமோனியா பிரிண்ட். மேலே இருப்பவை ஜெராக்ஸ். எண்ணெய் விரல் படாத தாள் ஒன்றுகூட இல்லை. ஓரங்களில் எல்லாம் ஃபோர்மேனின் பென்சில் கணக்கு. டிராயிங்கில் அளவு ஒரு விளிம்பிலிருந்து கொடுத்திருக்கும். மெஷினில் ஜீரோ எடுப்பது வேறு இடத்தில். கழித்துக் கூட்டி ஒவ்வொரு துளைக்கும் எக்ஸ், ஒய் கண்டுபிடிக்க வேண்டும். 80 மி.மீ. விட்ட வட்டத்தில் (பி.சி.டி.) ஆறு துளை என்றால் "இருபது, முப்பத்திநாலு புள்ளி ஆறு நாலு ஒண்ணு" என்று கால்குலேட்டரைத் தொடாமல் சொல்லிவிடுவார். ஏழு துளை வந்தால்தான் கிளார்க் டேபிள் என்ற கணித அட்டவணைப் புத்தகம் பெட்டியிலிருந்து வெளியே வருமாம்.

அந்த வேலையை இப்போது பாலிடெக்னிக் முடித்த ஒரு பையன் மவுஸில் செய்கிறான். வாடிக்கையாளர் முப்பரிமாண மாடலை மெயிலில் ஸ்டெப் ஃபைலாக அனுப்புகிறார். எந்த நிறுவனத்தின் சாஃப்ட்வேரில் வரைந்திருந்தாலும் இன்னொன்றில் திறக்கும்படி ஐ.எஸ்.ஓ. 10303 என்ற தரத்தில் அமைந்த பொதுவடிவம் அது. அந்தத் தரம் 1994-இல் வெளிவரத் தொடங்கியது. பையன் துளையைத் தொட்டால் இடம் தெரிகிறது, குழியைத் தொட்டால் டூல் போகும் பாதை தயாராகிறது. பம்ப் இம்பெல்லரின் இறக்கை போன்ற வளைவுகளில் லாபம் இன்னும் அதிகம். தாளில் அதைப் பல வெட்டுமுகங்களாகத்தான் காட்ட முடியும். ஒரு வெட்டுமுகத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் வளைவு எப்படிப் போகிறது என்பது பேட்டர்ன் செதுக்கும் ஆசாரியின் கைப்பழக்கத்தில் இருந்தது. இன்று அந்த வளைவு முழுதாக ஃபைலுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

இன்னொரு தலைவலியும் ஒழிந்தது. டிராயிங்கில் தோற்றங்களை அடுக்க நம் பாலிடெக்னிக்குகளில் சொல்லிக்கொடுப்பது ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை. அமெரிக்க டிராயிங் வருவது தேர்ட் ஆங்கிளில். மூலையில் இருக்கும் சின்னக் கூம்புக் குறியைக் கவனிக்காமல் விட்டால், ஜாப் கண்ணாடியில் பார்த்தது போல இடம் வலம் மாறி நிற்கும். மாடலில் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு பேரிங் ஹவுசிங் மெஷினில் ஏறியபோதுதான் கதையின் மறுபாதி புரிந்தது. 6204 பேரிங் உட்கார வேண்டிய துளை. பேரிங்கின் வெளிவிட்டம் 47 மி.மீ. டிராயிங்கில் 47 எச்7 என்று போட்டிருக்கிறது. அதாவது துளை 47.000-லிருந்து 47.025 வரை இருக்கலாம், ஒரு மைக்ரான்கூடக் கீழே போகக் கூடாது. மாடலில் இருப்பதோ மொட்டையாக 47.

"மாடல்ல நாப்பத்தேழுதானுங்ணா இருக்குது" என்றான் பையன்.

"நீ நாப்பத்தேழையே குறி வெச்சீன்னா, டிப்பு துளி தேஞ்சதும் அளவு கீழ போயிரும். பன்னெண்டு மைக்ரான் மேல வெய்யி."

ஃபோர்மேன் மைக்ரோமீட்டரை 47.012-க்குப் பூட்டி, அதில் போர் கேஜை ஆட்டி முள்ளை ஜீரோவுக்குக் கொண்டுவந்தார். முதல் வெட்டில் வேண்டுமென்றே மெட்டீரியல் விட்டார். துளைக்குள் சுருளை ஊதித் தள்ளி, துணியால் துடைத்து, கேஜை விட்டு மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தார். முள் திரும்பும் இடம்தான் அளவு. பிறகு போரிங் ஹெட்டின் டயலை ஓரிரு கோடு நகர்த்தினார். அடுத்த வெட்டு முடிந்ததும் உடனே அளக்கவில்லை; ஜாப் சூடு ஆறட்டும் என்று டீக்குப் போய்விட்டார். வந்து அளந்தபோது முள் ஜீரோவில் நின்றது.

மாடல் வடிவத்தைச் சொல்கிறது. எவ்வளவு தள்ளினால் தாங்கும், எந்தப் பக்கம் தள்ளக் கூடாது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. மரை போட வேண்டிய துளைகளும் அப்படித்தான். எம்8 மரைக்கான 6.8 துளை ஸ்டெப் ஃபைலில் வெறும் துளையாக வந்து நிற்கும்; டேப் போட வேண்டும் என்று அது சொல்லாது. இதற்கு முதலாளி கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. டேப் போடும் துளைக்குப் பச்சை, ரீமர் போடும் துளைக்குச் சிவப்பு என்று மாடலிலேயே நிறம் பூசி அனுப்பச் சொல்கிறார். அதிலும் ஒரு நிபந்தனை: ஸ்டெப்பின் ஏ.பி. 214 முறையில் சேமிக்க வேண்டும். பழைய 203-இல் நிறம் உதிர்ந்துவிடும்.

டாலரன்ஸை, அதாவது அளவு எவ்வளவு தள்ளலாம் என்பதை, மாடலுக்குள்ளேயே எழுதிவிடும் முறை இல்லாமலில்லை. அமெரிக்காவில் அதற்கான தரம் 2003-இலும் ஐ.எஸ்.ஓ. தரம் 2006-இலும் வந்துவிட்டன. அந்தக் குறிப்புகளைச் சுமந்து செல்லும் ஸ்டெப் 242, 2014-இல் வந்தது. விமானக் கம்பெனிகளுக்கு அது கட்டுப்படியாகும். இந்தச் சந்துக்கு வருவது என்னவோ ஒரு ஸ்டெப், கூடவே டிராயிங்கின் ஒரு பி.டி.எஃப். அந்த பி.டி.எஃப்.பும் கடைசியில் பிரிண்ட் ஆகிறது. எண்ணெய்க் கையோடு டேப்லெட்டைத் தொட யாருக்கும் மனமில்லை. இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டுக்கு ஒவ்வொரு அளவுக்கும் பலூன் போட்டு நம்பர் கொடுத்த தாள்தான் வேண்டும் என்று வாடிக்கையாளரே கேட்கிறார். காகிதமில்லாத பட்டறை என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை இங்கே யாரும் நம்பவில்லை. எனக்கும் நம்பிக்கையில்லை.

பெரிய தகராறு, மாடலும் பி.டி.எஃப்.பும் ஒத்துப்போகாதபோது வருகிறது. பி.டி.எஃப்.பில் ஒரு துளை விளிம்பிலிருந்து 12 மி.மீ.; மாடலில் 12.5. யாரோ டிசைனை மாற்றிவிட்டு ஒன்றை மட்டும் அனுப்பியிருப்பார்கள். பழைய காலத்தில் ரிவிஷன் மாறியது தெரியாமல் ஆணியில் குத்திய தாளை வைத்தே ஓட்டிவிடுவார்கள். இப்போது அந்த ஆணியின் வேலையை வாட்ஸப் செய்கிறது. எது செல்லும் என்று கேட்டால் டிசைன் பிரிவு மாடல் என்கிறது, பர்ச்சேஸ் பிரிவு டிராயிங் என்கிறது. முதலாளி கொட்டேஷனில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: டாலரன்ஸ் போட்ட அளவுக்கு டிராயிங், மற்றதற்கு மாடல், இரண்டும் மோதினால் எழுத்தில் பதில் வரும்வரை வேலை நிற்கும்.

வாடிக்கையாளர்களில் சிலர் இதற்கு முகம் சுளிக்கிறார்கள். மாடல் கொடுத்தாயிற்றே, புரோகிராம் தானாக வந்துவிடுமே என்று ரேட்டைக் குறைக்கப் பார்ப்பவர்களும் இவர்கள்தான். பையன் திரையையும் ஃபோர்மேன் தாளையும் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்கும் நேரத்துக்கு இதுவரை யாரும் காசு கொடுத்ததில்லை. இனி அதை 'செட்டிங் சார்ஜ்' என்று பில்லில் தனியாகப் போடப்போவதாக முதலாளி சொன்னார். எவ்வளவு போடுவது என்பதில்தான் அவருக்கும் ஃபோர்மேனுக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.